ஹாலிவுட் திகில் படங்கள்: அச்சம் பிறக்கும் விதம்

திகில் திரைப்படம் என்பது பார்வையாளருக்கு அச்சம் ஊட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட திரைப்பட வகை ஆகும். பேய், கொடிய விலங்கு, கொலைகாரன், நோய், ஆளில்லாத வீடு எனக் கதைப்பொருள் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே கதைப்பொருளைக் கொண்ட இரண்டு படங்களில் ஒன்று நம்மை உறைய வைக்கிறது, மற்றொன்று சிரிக்க வைக்கிறது. அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹாலிவுட் நடிகர்கள் நடித்த ஒரு விந்தை விலங்குப் படத்தைத் தயாரித்ததில் நம் சேலத்துக்கும் பங்கு உண்டு.

சேலத்து மாமூத்

சேலம் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1952இல், அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸுடன் சேர்ந்து இந்நிறுவனம் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தை உருவாக்கியது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் தமிழ் வடிவம் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களோடு நம் எம். என். நம்பியாரும் நடித்திருந்தார்.

யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களை மிதித்து அழிக்கின்றன. காரணம் அறியச் சென்ற குழுவில் உயிரோடு திரும்பிய வேட்டைக்காரர், பனிக்காலத்தோடு அழிந்துபோன மாமூத் என்னும் உரோம யானைகள் காட்டுக்குள் இருப்பதாகவும், அவற்றுக்கு அஞ்சியே மற்ற யானைகள் ஓடிவருவதாகவும் சொல்கிறார். அவரை யாரும் நம்புவதில்லை. உண்மையைக் காண இளவரசியும் சேர்ந்து மீண்டும் காட்டுக்குப் போகிறார்கள். திகில் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். யானையே கண்டு ஓடும் விலங்கு என்றால் அது எப்படி இருக்கும் என்ற கேள்வி ஒன்றே படத்தை நடத்திச் சென்றிருக்கும்.

ஆனால் மாமூத் திரைக்கு வந்ததும் அந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது. வந்து நிற்பவை உரோமப் போர்வை மாட்டி, தந்தத்தை நீட்டிவிட்ட சாதாரண யானைகள். அத்தனை பெரிய விலங்குக்கு உடை தைத்து மாட்டிய தொழிலாளர்களின் உழைப்பு சிறிதல்ல. எனினும் கோயில் வாசலில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கண்ணுக்கு அது கம்பளி போர்த்திய கோயில் யானைதான்.

அதே யானை அச்சம் தராத விலங்கா என்றால், இல்லை. அந்தியூர், பர்கூர் மலையோரத்தில் மக்காச்சோளக் காட்டுக்கு இரவுக் காவல் இருக்கும் உழவரைக் கேட்டால் தெரியும். இருட்டில் ஒரு கிளை முறியும் ஓசை கேட்கும். பிறகு எந்த ஓசையும் இருக்காது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது, ஒன்றா ஐந்தா, தன்னை மோப்பம் பிடித்துவிட்டதா என்று எதுவும் தெரியாமல் அவர் பரணில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். போர்வை மாட்டிய யானையால் தர முடியாத அச்சத்தைக் கண்ணுக்கே தெரியாத யானை தந்துவிடுகிறது. நல்ல திகில் பட இயக்குநர்கள் செய்வதெல்லாம் நம்மை அந்தப் பரணில் உட்கார வைப்பதுதான்.

காட்டாமல் காட்டுதல்

இதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டவர் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர். ஆர்.கே.ஓ. நிறுவனம் அவரிடம் கொடுத்தது கிளர்ச்சியான தலைப்புகளையும் மிகக் குறைந்த பணத்தையும்தான். அப்படி வந்தது 'கேட் பீப்பிள்' (1942). இயக்கியவர் ஜாக் டூர்னர். கோபமோ காமமோ மூண்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை.

அதில் ஒரு காட்சி. பூங்காச் சுவரை ஒட்டி இரவில் ஒருத்தி தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் காலணி ஓசை. இரண்டு ஓசையும் மாறிமாறிக் கேட்கின்றன. திடீரென்று பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் விளக்குக் கம்பத்தடியில் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சீறிக்கொண்டு சட்டத்துக்குள் பாய்வது ஒரு பேருந்து. அவ்வளவுதான். இன்றுவரை இந்த உத்திக்கு 'லூட்டன் பேருந்து' என்றே பெயர். சிறுத்தையைக் காட்டியே ஆகவேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியதால் சில கணங்கள் அது தலைகாட்டுகிறது. என் கருத்தில் படத்தின் பலவீனமான இடம் அதுதான்.

வகுப்பில் கதை சொன்ன ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. குரலை உயர்த்தும்போது அல்ல, தாழ்த்தி நிறுத்தும்போதுதான் கடைசி வரிசைப் பையன் முன்னால் சாய்வான்.

பாதி தெரிவதற்கும் இதே ஆற்றல் உண்டு. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் 1934இல் நிறைந்தபோது பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரத்தின் நுனியும் நந்தி சிலையும் நீருக்கு மேல் தலைநீட்டும். நுனி மட்டும் தெரியும் நாட்களில் பார்ப்பவர் மனத்தில் எழும் திகைப்பு, நீர் முழுதும் வடிந்து கட்டடத்தைச் சுற்றி ஆடு மேயும்போது இருப்பதில்லை. நீருக்கடியில் இருக்கும் மீதியை மனமே கட்டிக்கொள்கிறது என்பதால்தான் இப்படி.

'ஜாஸ்' (1975) இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயந்திரச் சுறாவை நிறையக் காட்டவே திட்டமிட்டிருந்தார். அது கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. வேறு வழியின்றிச் சுறாவின் பார்வையில் நகரும் கேமராவையும், நீரில் இழுபட்டுச் செல்லும் மஞ்சள் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுர இசையையும் கொண்டு சுறா வருவதை உணர்த்தினார். சுறாவைத் தெளிவாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். இயந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் 'ஜாஸ்' இன்னொரு 'காடு' ஆகியிருக்கலாம்.

காது செய்யும் வேலை

கண்ணை மூடிக்கொண்டு திகில் படத்திலிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் தவறான புலனை மூடுகிறார்கள். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. கத்தி உடலில் இறங்குவதாக நாம் நினைப்பது, துண்டு துண்டான படங்களை நம் மனம் ஒட்டிக்கொள்வதால்தான். குத்தும் ஓசை முலாம்பழ வகைப் பழமொன்றைக் கத்தியால் குத்திப் பதிவு செய்தது. ஓடும் இரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமானதால் நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிட வைத்த இசையைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார்.

அந்தக் கீச்சொலி ஏன் உடலைக் கூசவைக்கிறது என்பதற்கு உயிரியலில் ஒரு விளக்கம் உண்டு. டேனியல் புளூம்ஸ்டீன் என்ற அமெரிக்க உயிரியலாளர் மார்மட் என்னும் மலை அணில்களை ஆய்பவர். பிடிபட்ட குட்டிகள் வீறிடும்போது குரல் அதன் இயல்பான எல்லையை மீறி உடைந்து கரகரப்பதைக் கவனித்தார். திரைப்பட ஒலிகளை ஆராய்ந்து 2010இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, திகில் படங்களில் இத்தகைய உடைந்த ஒலிகள் பயன்படுவதைச் சுட்டியது. கைக்குழந்தை வீறிட்டால் அடுத்த வீட்டுக்காரரும் எழுந்து ஓடிவருகிறாரே, அதே விசையைத்தான் இசையமைப்பாளர் தட்டுகிறார்.

திடீர் ஓசைக்குத் துள்ளுவது வேறு. அது அனிச்சைச் செயல். காகிதப் பையை ஊதி உடைத்தாலும் வரும். இன்றைய படங்கள் பல இதை மட்டுமே நம்பியிருக்கின்றன. பத்து முறை துள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால், அந்தப் படம் நம்மை அச்சுறுத்தவில்லை, அதட்டியது என்றே பொருள்.

வீட்டுக்குள் வரும் அச்சம்

வில்லியம் ஃபிரீட்கினின் 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) தலை சுழலும் காட்சிக்காகப் பேசப்படுகிறது. உண்மையில் அதன் வலிமை முற்பகுதியில்தான் இருக்கிறது. மகளுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் மருத்துவர் மருத்துவராக அலையும் தாயும், அச்சிறுமிக்குச் செய்யப்படும் ஊசிப் பரிசோதனைகளும் எந்தப் பெற்றோரையும் கலங்கடிக்கும். பேய் பிறகுதான் வருகிறது. படுக்கையறைக் காட்சிகளுக்காக அரங்கையே குளிர்பதனப் பெட்டிபோல் உறைய வைத்தார்கள். நடிகர்களின் வாயிலிருந்து வரும் மூச்சுப்புகை உண்மையானது.

அதே மூச்சுப்புகையை இன்னும் மென்மையாகப் பயன்படுத்திய படம் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999). இயக்குநர் மனோஜ் நைட் சியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், தாயார் தமிழர். இறந்தவர்கள் அருகில் வரும்போது அறை குளிர்கிறது, சிறுவனின் மூச்சு வெண்மையாகிறது. இந்தக் குறிப்பை ஒருமுறை கற்றுக்கொண்டபின், பேயைக் காட்டாமலே இயக்குநரால் நம்மை நடுங்க வைக்க முடிகிறது. அந்தப் பேய்கள் கெடுதல் செய்ய வந்தவை அல்ல. சொல்லாமல் விட்டதைச் சொல்ல வந்தவை. இது நமக்குப் பழக்கமான எண்ணம். அநியாயமாக இறந்தவர்களைத் தெய்வமாக்கி வழிபடும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். 'ஈரம்' (2009), 'காஞ்சனா' (2011) போன்ற தமிழ்ப் படங்களின் பேய்களும் நீதி கேட்டே வருகின்றன. காரணம் தெரிந்துவிட்ட பேய்மீது இரக்கம் வந்துவிடுவதால், தமிழ்ப் பேய்ப்படங்களின் பிற்பாதியில் பெரும்பாலும் அச்சம் குறைந்து கண்ணீர் கூடிவிடுகிறது.

'சைக்கோ' திறந்துவிட்ட இன்னொரு வழிதான் கவலைக்குரியது. மனநோயாளியைக் கொலைகாரனாகக் காட்டும் வழக்கம் அதன்பின் பெருகியது. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) சிறந்த படம்தான்; அதுவும் அந்த வழியில் வந்ததே. மனநோயைப் பேய் என்று நம்பும் வழக்கம் நம் நாட்டில் திரையோடு நிற்பதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், குணமாவார்கள் என்று அழைத்துவரப்பட்டுச் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயிலிருந்து தப்ப முடியாமல் இறந்தனர். மாணவர்கள் இவ்வகைப் படங்களைப் பார்க்கும்போது, மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்பதை யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

அச்சம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைத் தாமே கண்டறிய விரும்புவோர் ஒரு காட்சியை மூன்று முறை பார்க்கலாம். முதலில் இயல்பாக, அடுத்து ஒலியை அறவே நிறுத்தி, பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு. மூன்றாவது முறையில் அச்சம் மிஞ்சுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஜாஸ்' படத்தின் தொடக்கக் காட்சி இதற்கு ஏற்றது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுமுன் தணிக்கைச் சான்றைப் பார்ப்பது நல்லது. 2024 முதல் இந்தியாவில் யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இன்று இல்லை. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.