கதிர்வீச்சை எந்தப் படியால் அளப்பது?



பாலை லிட்டரில் வாங்குகிறோம். பூவை முழத்தில் வாங்குகிறோம். நிலத்தைச் சென்ட் கணக்கில் சொல்கிறோம். யாராவது வந்து, "எங்களுக்கு அரை லிட்டர் நிலம் இருக்கு" என்று சொன்னால் நாம் சிரித்துவிடுவோம் இல்லையா? ஆனால் கதிர்வீச்சு என்று வந்துவிட்டால் மட்டும், பேப்பரில் ஒரு பெரிய எண்ணைப் பார்த்ததும் அது எந்த அளவு என்று கேட்காமலேயே பயந்துவிடுகிறோம். இல்லாவிட்டால் ஒரு சின்ன எண்ணைப் பார்த்து, "இவ்வளவுதானே" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே ஆபத்து!

கதிர்வீச்சை அளக்க முக்கியமாக மூன்று அலகுகள் உண்டு. பெக்கொரல், கிரே, சீவர்ட். இந்த மூன்றும் மூன்று வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. அதைப் புரிந்துகொள்ள ஒரு கதண்டுக் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனைமரத்தில் கூடு கட்டியிருக்கு. அதில் கல் பட்டுவிட்டது. இப்போது மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: கூட்டிலிருந்து ஒரு நொடிக்கு எத்தனை கதண்டு வெளியே வருது?
இரண்டு: நம்ம உடம்பில் எத்தனை கொட்டு விழுந்தது?
மூன்று: அதனால் நமக்கு எவ்வளவு பாதிப்பு?

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தெரிந்துவிடுமா? தெரியாது. கூட்டுக்குப் பக்கத்தில் நின்றோமா, தூரத்தில் நின்றோமா, கதவைச் சாத்திக்கொண்டோமா, எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைப் பொறுத்தது அது.

பெக்கொரல்: கூட்டைப் பற்றிய அளவு

சில அணுக்கள் நிலையாக இருக்காது. தானாகவே சிதைந்து கதிரை வெளியே விடும். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது 1 பெக்கொரல். 1896-ஆம் ஆண்டு பாரிஸில் யுரேனிய உப்பிலிருந்து கதிர் வருவதைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கொரல் அவர்களின் பெயர் இது.

பெக்கொரல் ரொம்ப ரொம்பச் சின்ன அளவு. நெல்லை மணி மணியாக எண்ணுகிற மாதிரி. ஒரு வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியத்தால் சுமார் 15 பெக்கொரல் இருக்கும். வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் பொட்டாசியத்தால் மட்டும் 4,000 பெக்கொரலுக்கு மேல் இருக்கும். ஆமாம், நம்ம எல்லோரிடமும் இருக்கு! அதனால் "ஆயிரம் பெக்கொரல்" என்று கேட்டதும் அலறக் கூடாது.

இதற்குப் பழைய அலகு கியூரி. அது ரொம்பப் பெரிய அளவு. 1 கியூரி என்பது 3,700 கோடி பெக்கொரல். ஏறக்குறைய 1 கிராம் ரேடியத்தில் உள்ள அளவு.

கிரே: உடம்பு வாங்கிய அளவு

கதிர் உடம்பில் பட்டு, அங்கே ஆற்றலை விட்டுவிட்டுப் போகிறது. 1 கிலோ உடம்பில் 1 ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது 1 கிரே. இங்கிலாந்து விஞ்ஞானி லூயிஸ் ஹெரால்டு கிரே அவர்களின் நினைவாக 1975-இல் வைத்த பெயர். பழைய அலகு ரேட். 100 ரேட் சேர்ந்தால் 1 கிரே.

இங்கே ஓர் ஆச்சரியம் இருக்கு. உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் 4 கிரே வாங்கிய பலரில், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆற்றலைக் கணக்குப் போட்டால் 70 கிலோ எடையுள்ளவருக்கு வெறும் 280 ஜூல்தான். ஒரு மடக்குச் சூடான டீ குடித்தால் நம் உடம்புக்குள் போகிற சூடே இதைவிட அதிகம்! அப்புறம் எப்படி உயிரை எடுக்குது? டீயின் சூடு உடம்பெல்லாம் பரவிவிடும். கதிரோ செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையைப் போய் அறுத்துவிடும். வீட்டு ஓட்டின் மேல் மெல்லத் தூறும் மழைக்கும், அதே எடையுள்ள ஊசிகள் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம்.

சீவர்ட்: பாதிப்பைச் சொல்லும் அளவு

தேனீ கொட்டுவதும் கதண்டு கொட்டுவதும் ஒன்றா? காலில் கொட்டுவதும் கண் இமையில் கொட்டுவதும் ஒன்றா? இல்லையே! கதிரிலும் அப்படித்தான். எக்ஸ் கதிர், காமா, பீட்டா இவற்றுக்கு 1 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபாவுக்கு 20! (ஆல்ஃபா வெளியிலிருந்து பட்டால் தோலைத் தாண்டாது. மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனால்தான் ஆபத்து.) அதேபோல நுரையீரல், எலும்பு மஜ்ஜை போன்ற உறுப்புகளுக்கு அதிக மதிப்பு, தோலுக்குக் குறைந்த மதிப்பு. கிரே அளவை இந்த மதிப்புகளால் பெருக்கினால் சீவர்ட் வரும். ஸ்வீடன் நாட்டு ரோல்ஃப் சீவர்ட் அவர்களின் பெயர், 1979-இல் ஏற்கப்பட்டது. பழைய அலகு ரெம். 100 ரெம் சேர்ந்தால் 1 சீவர்ட்.

1 சீவர்ட் பெரிய அளவு. ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி சீவர்ட்டைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மண், காற்று, வானம், சாப்பாடு ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 முதல் 3 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. சி.டி. ஸ்கேன் என்றால் சில மில்லி சீவர்ட் முதல் 10 வரை ஆகலாம். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அது அவர்கள் வாங்கிய அளவைச் சேர்த்து வைத்துக் காட்டும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு 5 வருடத்துக்கு 100 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக் கூடாது. பொதுமக்களுக்கு இயற்கையும் சிகிச்சையும் போக, வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட்தான்.

கொட்டு வாங்கியவர் கூடாக மாறுவாரா?

எங்க பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தாங்க. அப்புறம் "கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னாங்க. கரண்ட் என்று நாம் சொல்வது உண்மையில் கதிர்வீச்சு சிகிச்சை. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 25 நாள், மொத்தம் 50 கிரே. வீட்டுக்கு வந்த பிறகு சிலர், "அவங்க உடம்பிலிருந்து கதிர் வரும், பிள்ளைங்களை விடாதீங்க" என்று பேசினார்கள். பெரியம்மாவே பயந்துபோய்ப் பேரப்பிள்ளையைத் தூக்காமல் திண்ணையில் தள்ளி உட்கார்ந்திருந்தாங்க. குழந்தை கையை நீட்டி அழும், பெரியம்மாவும் அழும்.

அலகு தெரிந்திருந்தால் இந்தக் கண்ணீர் தேவையே இல்லை! பெரியம்மா வாங்கியது கிரே. அதாவது கொட்டு. கொட்டு வாங்கிய மனிதர் கதண்டுக் கூடாக மாறிவிடுவாரா? கூடு மெஷினுக்குள் இருக்கு. மெஷினை மூடியதும் கதிர் நின்றுவிடும். டார்ச் லைட் அடித்த சுவர், லைட்டை அணைத்த பிறகு வெளிச்சம் தருமா? பெரியம்மா உடம்பில் ஒரு பெக்கொரல்கூடக் கூடவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் அக்காவும், "தாராளமாத் தூக்கலாம்" என்று சொன்னாங்க.

"4 கிரே உயிரை எடுக்கும் என்றாயே, 50 கிரே எப்படி?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த 4 உடம்பு முழுவதும், ஒரே சமயத்தில். இந்த 50 கட்டி இருந்த இடத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இடைவெளியில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்தை விழுங்குபவர்கள் உண்டு. அவர்கள் உடம்புக்குள் கொஞ்ச நாள் பெக்கொரல் இருக்கும். அவர்களைத் தள்ளி இருக்கச் சொன்னால் டாக்டர் சொல்லும் நாள் வரை கேட்கத்தான் வேண்டும்.

கூட்டையே வீட்டுக்குக் கொண்டுபோனால்?

பிரேசில் நாட்டில் கோயானியா என்ற நகரம். 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் கிடந்த மெஷினின் பாகத்தை இரண்டு பேர் எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 தூள். அளவு 50.9 லட்சம் கோடி பெக்கொரல்! இருட்டில் நீலமாக ஒளிவிட்டதால் கடைக்காரர் அதை அழகான பொருள் என்று நினைத்துச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு கொடுத்தார். 6 வயதுச் சிறுமி ஒருத்தி தூள் பட்ட கையோடு சாப்பிட்டுவிட்டாள். கடைக்காரரின் மனைவிதான் சந்தேகப்பட்டு, அதைப் பையில் போட்டு பஸ்ஸில் சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அவரும் அந்தச் சிறுமியும் இன்னும் இருவரும் இறந்துபோனார்கள். சிறுமி வாங்கியது சுமார் 6 கிரே.

பிறகு சுமார் 1,12,000 பேரைக் கருவி வைத்துப் பரிசோதித்தார்கள். 249 பேரிடம் மட்டும் தூள் இருந்தது. ஆயிரத்துக்கு இரண்டு பேர்தான். ஆனாலும் வெளியூர்களில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஓட்டலில் இடம் கொடுக்கவில்லை. "என் மேல் கதிர் இல்லை" என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஈயம் பதித்த பெட்டியில் வைத்த அந்தச் சிறுமியை அடக்கம் செய்யப் போனபோது கல்லெறிந்தார்கள். பாருங்கள், தூளைப் பற்றித் தெரியாததால் முதலில் பயமே இல்லை. அளவைப் பற்றித் தெரியாததால் பிறகு அளவில்லாத பயம்!

நம்ம நாட்டிலும் 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த கருவியைப் பிரித்து ஒருவர் இறந்தார். அதனால் மூன்று இதழ் விரிந்த மாதிரி அடையாளம் போட்ட பெட்டியையோ இரும்பையோ கண்டால் தொடாதீர்கள். தூரமாகப் போய்ப் பெரியவர்களிடமும் போலீஸிலும் சொல்லுங்கள்.

நினைவில் வைக்க

பெக்கொரல்: பொருளிலிருந்து நொடிக்கு எத்தனை சிதைவு?
கிரே: உடம்பு எவ்வளவு வாங்கியது?
சீவர்ட்: அதனால் ஆபத்து எவ்வளவு?

இனிமேல் பேப்பரிலோ டி.வி.யிலோ ஒரு எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலகு? மில்லியா, மைக்ரோவா, முழுசா? மணிக்கா, வருடத்துக்கா? மணிக்கு 0.1 மைக்ரோ சீவர்ட் என்றால் 24 ஆலும் 365 ஆலும் பெருக்கிப் பாருங்கள். 876 மைக்ரோ சீவர்ட், அதாவது வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட்கூட இல்லை. கணக்குத் தெரிந்தவருக்குத் தேவையில்லாத பயமும் இல்லை, தேவையில்லாத தைரியமும் இல்லை.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி