காரும் கப்பல் ஏற வேண்டுமா?

அயல்நாட்டிற்குக் குடிபெயரும் நம்மவர் இல்லங்களில், பயணத்திற்குச் சில திங்கள் முன்னரே ஒரு வழக்கு மன்றம் கூடிவிடுகின்றது. எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்பதே வழக்கு. குத்துவிளக்குக்கும் கிரைண்டருக்கும் தீர்ப்பு விரைவில் கிடைத்துவிடும். வாயிலில் நிற்கும் மோட்டார் வண்டியின் வழக்குத்தான் எளிதில் முடிவதில்லை.

செகந்திராபாத்தில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் அண்மையில் இவ்வழக்கு எழுந்தது. மகனும் மருமகளும் குழந்தைகளும் மெல்போர்ன் நகருக்குப் புறப்படவிருந்தனர். அவர்களுடைய கார், மகளை மருத்துவமனையிலிருந்து முதன்முதல் வீட்டிற்குக் கொணர்ந்த கார். கோடைதோறும் திருநெல்வேலி வரை சென்று மீண்ட கார். “அதனையும் கப்பலில் ஏற்றிவிடுவோம்” என்றார் மகன். அவர் கேட்டுக்கொண்டபடி நாமும் செய்தி திரட்டினோம். நம் வாசகர் பலருக்கும் பயன்படுமாதலின் அதனை இங்கே தருகின்றோம்.

ஐதராபாத்துக்குக் கடல் இல்லை. இங்கிருந்து புறப்படும் வண்டி, சனத்நகரிலுள்ள உள்நாட்டுச் சரக்குப் பெட்டக நிலையம் வழியாகவோ சாலை வழியாகவோ மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா, அல்லது சென்னைத் துறைமுகத்தை அடைதல் வேண்டும். இரண்டுமே 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவை. ஆகவே கப்பற்கூலிக்கு முன்னரே தரைக்கூலி தொடங்கிவிடுகின்றது.

கப்பலில் ஏற்றும் முறை இரண்டு. சக்கரத்தின் மீதே ஓட்டிச் சென்று, பல அடுக்குகள் கொண்ட கார்க் கப்பலினுள் நிறுத்துவது ஒன்று. 20 அடிப் பெட்டகத்தில் ஏற்றிச் சக்கரங்களைக் கட்டிப் பூட்டி அனுப்புவது மற்றொன்று. எம்முறையாயினும் பெட்ரோல் தொட்டியில் சிறிதளவே எண்ணெய் இருத்தல் வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்ததற்கான சான்று, போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, சுங்கத் துறையின் ஏற்றுமதிப் பத்திரம் ஆகியனவும் இன்றியமையாதவை.

கடற்காப்பீடு செய்யாமல் எவரும் வண்டியை அனுப்புதல் கூடாது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏறத்தாழ 4,000 கார்களுடன் அட்லாண்டிக் கடலில் சென்ற ‘பெலிசிட்டி ஏஸ்’ என்னும் கப்பல் தீப்பற்றி, மார்ச்சு முதல் நாளில் மூழ்கிப்போயிற்று. அன்றியும் கடல் வாணிகத்தில் பழைய நெறி ஒன்று உண்டு. பேரிடரிலிருந்து கப்பலைக் காப்பதற்காகச் சரக்கில் ஒரு பகுதியைப் பலியிட நேர்ந்தால், அவ்விழப்பைக் கப்பலுக்கும் சரக்குக்கும் உரியோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். நம் வண்டிக்கு ஒரு கீறலும் விழாதிருப்பினும் நம் பங்கைச் செலுத்தியே தீர வேண்டும். காப்பீடு உள்ளவருக்காக நிறுவனம் பொறுப்பேற்கும். இல்லாதவர் ரொக்கம் கட்டினால்தான் வண்டியை மீட்க இயலும்.

நிற்க. கப்பல் ஏறிய வண்டி, சென்ற நாட்டில் இறங்க முடியுமா என்பதே பெரிய வினா. அமெரிக்காவில், 25 ஆண்டுகள் நிரம்பாத வண்டி அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கச் செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். நம் நாட்டுச் சாலைகளுக்கெனச் செய்த வண்டி அவ்வாறு அமைவதில்லை. வளைகுடா நாடுகளில் வண்டிகள் வலப்புறமாகச் செல்வன. ஓட்டும் சக்கரம் இடப்பக்கம் இருப்பது. சிங்கப்பூரில் நம்மைப்போல் இடப்புறமே செல்வர். ஆயினும் மூன்றாண்டு கடந்த பழைய காரை அங்கே பதிய இயலாது. 1990-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் உரிமைச் சான்றிதழின் விலையோ, பலகாலம் காரின் விலையையே நாணச் செய்வது.

ஆஸ்திரேலியாவிலும் இடப்புற வழக்கமே. ஆனால் வண்டி புறப்படுமுன் அந்நாட்டு அரசின் இறக்குமதி அனுமதியைப் பெறுதல் நலம். குடியேறுவோர் தம் சொந்த வண்டி என்ற முறையில் கொண்டுசெல்ல, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து அதற்கு உரிமையாளராக இருந்திருத்தல் வேண்டும். சக்கர வளைவில் ஒட்டிய மண்ணும், இருக்கையடியில் சிந்திய விதையும் அங்கே குற்றமாகும். உழவைக் காக்க அவர்கள் கொண்ட கட்டுப்பாடு அது. தடையில் கல்நார் கலந்திருப்பினும் இடர்தான்.

வெளிநாட்டிலிருந்து தாயகம் திரும்புவோரும் ஒன்று அறிதல் வேண்டும். நம் நாட்டு விதிப்படி, கொண்டுவரும் பழைய கார் செய்யப்பட்டு மூன்றாண்டுக்கு மேற்படாததாயும், ஓட்டும் சக்கரம் வலப்பக்கம் உள்ளதாயும் இருத்தல் வேண்டும்; மும்பைத் துறைமுகம் வழியாகவே வருதல் வேண்டும். குடிபெயர்வோரின் வரியில்லாச் சாமான்களில் கார் சேராது. வரி, வண்டியின் மதிப்பையே விஞ்சும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கடல் கடந்த கார் ஒன்றின் கதை இந்நகரிலேயே உண்டு. ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் இங்கிலாந்தில் ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார் ஒன்றிற்குச் சொல்லியனுப்பினார். 1911-இல் அவர் காலமானார். அரியணை போன்ற இருக்கையுடன் மஞ்சள் நிறத்தில் வந்த அவ்வண்டி, மகன் உஸ்மான் அலிகானுக்கு உரியதாயிற்று. விழா நாட்களில் மட்டும் வெளிவந்து சில நூறு மைல்களே ஓடிய அக்காரை இன்றும் சௌமகல்லா அரண்மனையில் காணலாம். வேந்தர்க்கு அது தகும். மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு வண்டி என்பது ஓடுவதற்கேயன்றிக் காட்சிக்கு அன்று.

இவற்றையெல்லாம் அக்குடும்பத்தாரிடம் எடுத்துரைத்தோம். கூலி, காப்பீடு, தூய்மைச் செலவு, வரி அனைத்தையும் மகன் தாளில் எழுதிக் கூட்டினார். தொகை, வண்டியை இங்கே விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டிற்று. அப்பொழுதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதுவரை வாய் திறவாதிருந்த அவருடைய தந்தை மெல்லக் கேட்டார்: “வண்டியைக் கொண்டு போகிறீர்கள், சரி. மாதம் ஒரு முறை என்னையும் உன் அம்மாவையும் டாக்டரிடம் யாரப்பா அழைத்துப் போவார்கள்?”

மகன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் போக்குவரத்து அலுவலகம் சென்று, வண்டியின் பதிவையும் காப்பீட்டையும் தந்தையின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார். தெருக்கோடியில் வாழும் ஓட்டுநர் ஒருவரை மாத ஊதியத்திற்கு அமர்த்தினார்.

பெயர் மாற்றத்தை எவரும் சிறிதாக எண்ணற்க. வண்டியை விற்றவர், ஏட்டில் தம் பெயரை அப்படியே விட்டுக் கப்பலோ விமானமோ ஏறிவிட்டால், பின்னர் அவ்வண்டியால் நேரும் விபத்துக்கு ஏட்டில் உள்ளவரே இழப்பீட்டுப் பொறுப்பாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின் விற்பினும் கொடுப்பினும், புதிய பதிவுச் சான்றைக் கண்ணால் கண்ட பின்னரே பெட்டியைக் கட்டுங்கள்.

சென்ற ஞாயிறன்று அம்முதியவர் தம் துணைவியாருடன் அக்காரிலேயே நம் சங்கக் கூட்டத்திற்கு வந்திருந்தார். பின்னிருக்கையில் பேத்தி ஒட்டிய வண்ணப் படம் அப்படியே இருந்தது. “இதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்” என்று அவர் நம்மிடம் காட்டினார்.