குடும்பத்தோடு நடந்து படைவீரருக்கு நிதி

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனில் பல குடும்பங்கள் ஒரு விடுமுறை நாளை நடைக்கென்று ஒதுக்கி வைக்கின்றன. தாத்தா, பாட்டி, பிள்ளைகள், வீட்டு நாய் என எல்லோரும் கிளம்பி, தங்களுக்குப் பிடித்த பாதையில் முடிந்த தூரம் நடக்கிறார்கள். சிலர் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புத் தொப்பியும் அணிந்துகொள்கிறார்கள். இதில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்டுவதற்காக ‘வாக்கிங் வித் த வூண்டட்’ என்ற தொண்டு நிறுவனம், ‘வாக்கிங் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் நடத்தும் இயக்கம் இது.

அந்த நிறுவனம் பிறந்ததே ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தில்தான். ஹாரி பார்க்கர் என்ற இளம் ராணுவ அதிகாரி 2009-ல் ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டில் சிக்கி இரண்டு கால்களையும் இழந்தார். அவருடைய தந்தையின் சகோதரர் எட் பார்க்கரும் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அவர் தன் நண்பர் சைமன் டாக்லிஷுடன் சேர்ந்து 2010-ல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, போரில் காயமடைந்த நான்கு வீரர்கள் வட துருவத்துக்குப் பனியில் நடந்து சென்று சேர்ந்தார்கள். 2013-ல் தென் துருவம், 2015-ல் பிரிட்டனுக்குள்ளேயே ஆயிரம் மைல் நடை. இளவரசர் ஹாரியும் கலந்துகொண்டதால் உலகப் பத்திரிகைகள் இவற்றைப் பெரிதாக எழுதின. என்னைக் கேட்டால், துருவப் பயணத்தைவிட ஊர்ப் பூங்காவைச் சுற்றி நடக்கும் குடும்பம்தான் கூடுதல் கவனத்துக்கு உரியது. ஏன் என்று சொல்கிறேன்.

நடந்தால் பணம் எப்படி வரும்? பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியில் மோரும் சோறும் தருகிறவர்களும் அந்த நடையில் பங்குபெற்றுவிடுகிறார்கள் அல்லவா, ஏறக்குறைய அப்படித்தான். நடக்கப் போகும் குடும்பம் இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம் தொடங்கி, உறவினருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. பிள்ளைகள் காகிதப் படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டுவதும் உண்டு. கிடைப்பது பெரும்பாலும் ஐந்து, பத்து பவுண்டுதான். ஆனால் ‘கிஃப்ட் எய்ட்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வரி கட்டும் ஒருவர் 10 பவுண்டு கொடுத்து, படிவத்தில் அதற்கான கட்டத்தில் டிக் செய்தால், அவர் கட்டிய வரியிலிருந்து 2.50 பவுண்டை அரசு அந்தத் தொண்டு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. கொடுத்தவருக்குக் கூடுதல் செலவில்லை. இப்படி டிக் செய்து நூறு பேர் பத்து பவுண்டு கொடுத்தால் 1,250 பவுண்டு சேரும்.

ஓய்வூதியமும் இலவச மருத்துவமும் உள்ள பணக்கார நாட்டில் வீரர்களுக்குத் தொண்டு நிறுவனம் எதற்கு என்று கேட்கலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் முன்னாள் படைவீரர்கள் 18.5 லட்சம் பேர். பெரும்பாலானோர் நலமாகவே இருக்கிறார்கள். சீருடையைக் கழற்றியவர் எல்லோருமே மனம் உடைந்தவர்கள் என்று நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. எனினும் 2018-ல் வெளியான லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வைப் பாருங்கள். இராக், ஆப்கானிஸ்தான் களங்களில் நேரடிப் போரில் இருந்து பின்பு ராணுவத்தை விட்டவர்களில் 17 விழுக்காட்டினரிடம் போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் தெரிந்தன. அதே களங்களில் உதவிப் பணிகளில் இருந்தவர்களிடம் அது ஏறத்தாழ 6 விழுக்காடு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையும் இவர்களுக்கென ‘ஆப் கரேஜ்’ என்ற மனநலச் சேவையை நடத்துகிறது. ஆனால் வேலை போய், வாடகை பாக்கி விழுந்து, தூக்கமும் கெட்டுக் கிடப்பவருக்கு ஒரு துறையின் கவனிப்பு மட்டும் போதாது. உளவியல் சிகிச்சை, வேலை, தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் நிரப்புவது அந்த இடத்தைத்தான்.

குடும்பம் என்பது இங்கே அலங்காரத்துக்குச் சேர்த்த சொல் அல்ல. இரவில் அலறி எழுபவரை முதலில் பார்ப்பவர் மனைவி. பட்டாசு வெடித்தால் அப்பா ஏன் அறைக்குள் போய்விடுகிறார் என்று பிள்ளைதான் கேட்கும். மருத்துவரிடம் போகச் சொல்லி மன்றாடுவதும் வீட்டில் இருப்பவர்கள்தான். இந்தப் பாரத்தைப் பல வீடுகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நன்கொடை கேட்கப் போகும்போது யாருக்காக, எதற்காக என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சு தெருவுக்குள் வருவது, திரளும் தொகைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

நம்பிக்கை கெட்டால் இவ்வளவும் வீண். கேப்டன் டாம் மூர், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பணியாற்றியவர். 2020-ல், நூறாவது பிறந்தநாளுக்கு முன் தன் வீட்டுத் தோட்டத்தை நூறு முறை நடந்து கடக்கத் தொடங்கினார். இலக்கு 1,000 பவுண்டு. சேர்ந்ததோ மூன்று கோடிக்கும் மேல். அது முழுக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்கான தொண்டு அமைப்புக்குப் போனது, அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பிறகு அவர் பெயரில் குடும்பத்தினர் அமைத்த அறக்கட்டளையில் நிர்வாக முறைகேடுகள் இருந்ததாக அறக்கட்டளை ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை தந்தது. ஒரு நல்ல மனிதரின் பெயரோடு அந்தச் செய்தி ஒட்டிக்கொண்டது வருத்தம் தருகிறது. பணம் யார் கணக்குக்குப் போகிறது, அந்த நிறுவனம் பதிவு பெற்றதா என்று கேட்பதை நன்கொடையாளர்கள் கூச்சமாக நினைக்கக் கூடாது. ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு நிறுவனத்தின் வரவு செலவையும் எவரும் பார்க்கலாம்.

இந்தியாவில் நமக்கும் டிசம்பரில் ஒரு நாள் இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். போரில் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு, பணியில் உள்ள வீரர்களின் குடும்ப நலம், முன்னாள் படைவீரர்களின் நலம் ஆகியவற்றுக்காக நிதி திரட்டும் நாள் அது. பள்ளியில் காசு கொடுத்துச் சட்டையில் கொடி குத்திக்கொண்ட நினைவு பலருக்கு இருக்கும். வசூல் நடக்கிறது. அந்தக் காசு எந்த வீட்டுக்குப் போகிறது என்ற பேச்சு மட்டும் வகுப்பறைக்கு வருவதில்லை. மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. வரும் கொடிநாளில் ஏதாவது ஒரு பள்ளி அந்த அலுவலகத்தோடு பேசி, ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்களையும் அவர்கள் வீட்டாரையும் அழைத்து, பிள்ளைகளும் பெற்றோருமாக இரண்டு கிலோமீட்டர் அவர்களோடு நடந்துவிட்டு, அதன் பிறகு உண்டியலை நீட்டலாம். அதற்குத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை.