கையில் செல்போன், காலடியில் கண்ணி!

மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் சின்னஞ்சிறு கோவில் மண்டபம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அங்கே பாய் விரிக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பட்டறையில் வேலை பார்க்கும் பையன்கள் என இருபது பேர் வந்து உட்காருகிறார்கள். கரும்பலகை கிடையாது. அவரவர் செல்போன்தான் பாடப்புத்தகம்! சொல்லிக் கொடுப்பவர் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் வங்கி ஊழியர்.

திருடனை அடையாளம் காண்பதுதான் பாடம். பூட்டை உடைத்து வரும் திருடன் அல்ல; நாமே கதவைத் திறந்து உள்ளே அழைக்கும்படி செய்கிற திருடன்.

ஐயாயிரம் ரூபாய் ஆசை

இந்த வகுப்பு தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. தோல் பை தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். டெலிகிராமில் ‘பகுதி நேர வேலை’ என்று ஒரு செய்தி வந்தது. வேலை ஒன்றும் பெரிதில்லை. அவனுடைய வங்கிக் கணக்கில் பணம் வரும். அதைச் சொல்லும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கூலி 5,000 ரூபாய்.

அனுப்பினான். நான்காம் நாள் கணக்கு முடக்கப்பட்டது. வந்தது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம். போலீசிலிருந்து அழைப்பு வந்தது. அக்காள் திருமணத்துக்கு அப்பா சேர்த்து வைத்த தொகையும் அதே கணக்கில்தான் இருந்தது. ஊரில் தேதி குறித்தாகிவிட்டது. இங்கே பணத்தை எடுக்க வழியில்லை!

‘தெரியாமல் செய்தேன்’ என்பதை விசாரணையில்தான் சொல்ல முடியும். கணக்கு அதற்கு முன்பே முடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டர், செல்போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கணக்கை இரவல் கொடுப்பது விளையாட்டல்ல. இதுதான் இங்கே முதல் பாடம்.

விலாசத்தின் கடைசி வரி

இரண்டாவது பாடம், விலாசம் படிப்பது. ஊருக்குக் கடிதம் எழுதுகிறோம். மேலே யார் பெயரை எழுதினாலும், கடிதம் போய்ச் சேருவது கடைசியில் உள்ள ஊருக்குத்தான். இணைய முகவரியும் அப்படியே. வங்கியின் பெயரை எவன் வேண்டுமானாலும் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியில் என்ன இருக்கிறது என்றே பார்க்க வேண்டும். நம் நாட்டு வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவெழுத்து இல்லாமல் வங்கியின் பெயரில் வரும் ‘லிங்க்’கைத் தொடாமலிருப்பதே நல்லது.

மூன்றாவது, ரகசிய எண். யு.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் ‘பின்’ வேண்டும், வாங்க வேண்டாம். ‘பரிசு விழுந்திருக்கிறது, பின்னை அழுத்து’ என்றால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். தனி நபருக்குத் தனி நபர் ‘பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் கட்டம் போட்ட க்யூ.ஆர். படத்தை அனுப்பி, ‘ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்னும் தந்திரம் ஓயவில்லை.

நான்காவது, கல்யாணப் பத்திரிகை! வாட்ஸ்-அப்பில் அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ‘ஏ.பி.கே.’ என முடியும் கோப்பு வருகிறது. அது படமல்ல; செல்போனில் குடியேறும் ஒரு செயலி. நிறுவிவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை நமக்கு முன்னால் அது படித்துவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் சரி, அவருக்கே போன் செய்து கேட்டுவிடுவது உத்தமம்.

அவசரமும் பயமும்

தந்திரங்கள் மாறும், இரண்டு ஆயுதங்கள் மாறுவதில்லை. ஒன்று அவசரம், மற்றது பயம். ‘இன்றே கட்டினால் ரயில்வேயில் வேலை’ என்பது அவசரம். ரயில்வே தேர்வு வாரியம் எந்த ஏஜெண்டு மூலமும் ஆள் எடுப்பதில்லை. ‘வீடியோவை அணைக்காதே, உன்னை டிஜிட்டலில் கைது செய்திருக்கிறோம்’ என்பது பயம். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பதறாமல் போனை வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொன்னாலே பாதித் திருடன் ஓடிவிடுவான்.

பணம் போய்விட்டால்? உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2021-ல் 155260 என்று தொடங்கிய உதவி எண்தான் பிறகு 1930 ஆனது. போன பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. மளமளவென்று கைமாறிப் போகும். ரொக்கமாக எடுக்கும் முன் புகார் வந்தால்தான் நிறுத்தி வைக்க முடியும். ‘நாளைக்குச் சொல்லலாம்’ என்பவருக்குப் பணம் திரும்புவது கடினம்.

பிள்ளைகள் ஏன் உடனே சொல்வதில்லை? அடிக்குப் பயந்துதான். அந்தக் கல்லூரிப் பையனும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆகவே வகுப்பின் கடைசிப் பாடம் பெற்றோருக்கு: முதலில் 1930, திட்டுவதெல்லாம் பிறகு!

அந்தப் பையன் இப்போது ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருகிறான். புதிதாக வருபவர்களிடம் தன் கதையைத் தானே சொல்கிறான். கணக்கு இன்னும் திறக்கவில்லை. அக்காள் திருமணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அவன் பேசும்போது மண்டபத்தில் ஒருவரும் செல்போனைப் பார்ப்பதில்லை.