முதலாளி இல்லாத அப்பளக் கம்பெனி

லிஜ்ஜத் அப்பளத்துக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. அப்பளம் தேய்க்கும் பெண்கள் அத்தனை பேருமே பங்காளிகள். இன்று அவர்கள் சுமார் 45 ஆயிரம் பேர்.

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவ் பகுதியில், லோஹானா நிவாஸ் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். பெரிய படிப்பு இல்லை; காசாக்கக்கூடிய கைவேலை என்று இருந்தது அப்பளம் இடுவதுதான். சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கிச் சாமான் வாங்கினார்கள். முதல் நாள் தேறியது நான்கு பாக்கெட். தெரிந்த வியாபாரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயவில்லை. முதல் வருடம் நான்கு மாதம் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை மூட்டிக் காயவைத்தார்கள். சிக்கல் அதோடு தீர்ந்தது.

பாரேக் பணத்தோடு கண்டிப்பையும் கொடுத்தார். விலை மலிவாக இரண்டாம் தரத்தில் ஒரு அப்பளமும் போடலாம் என்று எண்ணம் இருந்தபோது, ஒரே தரம் போதும், அதில் கை வைக்காதீர்கள் என்றார். கணக்கு ஒழுங்காக எழுதச் சொன்னார். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. ஏழைப் பெண்களுக்கான திட்டங்கள் பல மானியத்தில் தொடங்கி, மானியம் நின்றதும் படுத்துவிடுவதைப் பார்க்கும்போது இந்த முடிவின் அருமை புரியும்.

வேலை நடக்கும் விதமும் வீட்டுப் பெண்களின் வசதியை ஒட்டியதுதான். காலையில் அந்தப் பகுதிக் கிளையின் வண்டி வந்து பெண்களைக் கிளைக்கு ஏற்றிப் போகும். அங்கே பிசைந்து வைத்திருக்கும் உளுந்து மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேய்த்துக் காயவைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை போட்டுத் தரம் பார்த்துக் கையோடு கூலி தருவார்கள். மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்க முடியாத குடும்பங்களுக்கு இந்த அன்றாடக் காசுதான் பெரிய விஷயம். சேரும் முன் வீடு சுத்தமாக இருக்கிறதா, அப்பளம் உலர்த்த இடம் உண்டா என்று பார்ப்பார்கள். இடம் இல்லாதவர்களுக்கு மாவு பிசைவது, பாக்கெட் போடுவது போன்ற வேலை உண்டு. உளுந்தும் மிளகும் பெருங்காயமும் மையமாகக் கொள்முதல் செய்யப்படுவதால் எந்த ஊர் அப்பளமும் ஒரே ருசியில் இருக்கும்.

1966-ல் லிஜ்ஜத் சங்கமாகப் பதிவாகி, காதி கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரமும் பெற்றது. லாப நஷ்டம் உறுப்பினர்களுக்கே. நிர்வாகக் குழுவும் அவர்களிலிருந்தே வருகிறது. ஆண்கள் டிரைவராகவோ கணக்கராகவோ சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது.

குறை இல்லாமல் இல்லை. தேய்த்த அளவுக்குத்தான் கூலி. கை ஓய்ந்தால் அன்றைய கூலியும் ஓயும். இயந்திரம் வைத்தால் உற்பத்தி கூடும், ஆனால் ஆயிரக்கணக்கானோர் வேலை போகும் என்பதால் இன்றும் கையால்தான் தேய்க்கிறார்கள். மொட்டை மாடியில் தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டியிருந்தது.