ரத்தம் நஞ்சாவது ஏன்?

ஆணி குத்தினால் ஓடிப்போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்கிறோம். 'இனி செப்டிக் ஆகாது' என்று நிம்மதி. அந்த ஊசி தடுப்பது ரணஜன்னியைத்தான். புண்ணில் சீழ் பிடிப்பதையோ கிருமி ரத்தத்தில் கலப்பதையோ அது தடுக்காது.

உள்ளே நடப்பது என்ன?

பல் துலக்கும்போதுகூடச் சில கிருமிகள் ரத்தத்துக்குள் போவதுண்டு. உடல் அவற்றைச் சீக்கிரமே ஒழித்துவிடும். தொற்று கைமீறும்போதுதான் ஆபத்து. கிருமியை எதிர்க்கும் வேகத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் நிலைதவறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்துகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசிகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகம், நுரையீரல், மூளை எல்லாம் திணறுகின்றன. மருத்துவர்கள் இதைத்தான் 'செப்சிஸ்' என்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குகிறது?

சிறு காயம்கூடப் போதும். 1847-இல் வியன்னாவில், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு மருத்துவர் யாக்கோப் கோலெட்ச்கா இறந்தார். பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மார்களின் உடலில் கண்ட அதே பாதிப்புகள் அவர் உடலிலும் இருந்ததை நண்பரும் பிரசவ வார்டு மருத்துவருமான செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து வருகிறவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவியே தீரவேண்டும் என்றார். வார்டில் சாவு மளமளவெனக் குறைந்தது.

காயம் மட்டுமே காரணமல்ல. நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, வெடித்த குடல்வால் ஆகியவற்றிலிருந்தும் செப்சிஸ் வரும். நம் வீடுகளில் அதிகம் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோயாளியின் பாதம். மரத்துப்போன காலில் செருப்புக் கடித்தாலும் வலிக்காது. நாற்றம் வந்த பிறகுதான் விரலிடுக்கில் சீழ் கோத்திருப்பதே தெரியும். தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அறிகுறிகள்

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சு வாங்குதல், படபடப்பு, சிறுநீர் குறைதல். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் உடல் சில்லிட்டும் போகலாம். பலரும் கோட்டை விடுவது மனக்குழப்பத்தில்தான். தாத்தா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம்.

தாமதம் வேண்டாம்

ரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு, உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றுவார்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு 'இரண்டு நாள் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். 'செப்சிஸாக இருக்குமா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.