எது சரி? வீட்டு வாசலில் ஒரு கிளட்ச் வேலை

மகளுக்குப் பதினேழு வயது முடிந்ததும் எங்கள் பழைய காரில் 'எல்' பலகையை ஒட்டிக்கொண்டு பழகத் தொடங்கினாள். அது போன மார்கழி. மாசியில் கார் மணக்கத் தொடங்கியது. கடதாசி எரிந்த மாதிரி ஒரு மணம். பிறகு ஒருநாள் நாலாம் கியரில் அக்சிலறேற்றரை மிதித்தேன். என்ஜின் கத்தியது, வேகம் கூடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கராஜில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதில் பாதிக்கு மேல் கூலி. அம்மா ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னா: "பேசாமல் ஓட்டோமற்றிக் ஒண்டை வாங்கு." மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு படுக்கப் போகமுதல்தான் கேட்டாள்: "நான்தானே பழுதாக்கினது?"

இங்கே பிரிட்டனில் ஓட்டோமற்றிக் காரில் சோதனை பாஸ் பண்ணினால், அந்த லைசென்ஸில் கியர் கார் ஓட்ட முடியாது. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் "நான் ஓட்டோமற்றிக்கே பழகிறன்" என்று சொல்லும் அளவுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. காசைவிட அதுதான் எனக்குக் கவலை. நானே செய்து பார்ப்பம் என்று முடிவெடுத்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

என்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றுவது பிளைவீல் என்ற கனத்த இரும்புத் தட்டு. கியர் பொக்ஸோடு சேர்ந்திருப்பது கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் அதைப் பிளைவீலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். நீங்கள் பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடும். காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். காலைப் பாதி எடுத்துப் பாதி வைத்திருக்கும்போது இரண்டும் உரசும். பிளேட் தேய்வது அப்போதுதான்.

உங்கள் காலின் பலத்தை அங்கே கொண்டுபோவது பிரேக் ஒயில். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர், கியர் பொக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு குழாய். திரவத்தை அமத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாய்க்குள் காற்றுப் போனால், மிதிக்கிற மிதி எல்லாம் காற்றை அமத்துவதிலேயே போய்விடும்.

சனிக்கிழமை: கழட்டல்

கியர் பொக்ஸ் இறக்குவது ஒருவர் செய்கிற வேலை இல்லை. அதன் பாரம் முப்பது, நாற்பது கிலோ வரும். மச்சான் முன்பு கராஜில் வேலை செய்தவர், அவர் வந்தார். அவர் இல்லையென்றால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். பற்றரி, டிரைவ் ஷாஃப்ட் இரண்டு, கியர் கேபிள்கள் என்று ஒவ்வொன்றாகக் கழட்ட மத்தியானம் ஆகிவிட்டது. கழட்டிய ஒவ்வொரு கட்ட நட்டுகளையும் ஒவ்வொரு தயிர்க் கோப்பைக்குள் போட்டு, மேலே பேர் எழுதி வைத்தாள் மகள். பூட்டும்போது அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

பழைய பிளேட் வெளியே வந்ததும் அவளைக் கூப்பிட்டுப் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதியதில் ரிவெட் தலைகள் நல்ல பள்ளத்துக்குள் இருக்கின்றன. பழையதில் உரசும் பரப்பு தேய்ந்து, ரிவெட் தலைகளோடு சமமாகிவிட்டது.

"இது இரண்டு மாசத்தில தேயிற தேய்வே?" என்றார் மச்சான். "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மைல். உன்ர அப்பாவும் அம்மாவும்தான் தேய்ச்சது. நீ கடைசியில வந்து சேர்ந்தனி."

அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புதியதைப் பூட்டும்போது மூன்று விஷயங்களில் மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை. பிளேட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது. எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே அடித்திருப்பதை வாசிக்க வேண்டும். நடுவைச் சரிபார்க்கிற கருவியைச் செருகிக்கொண்டுதான் பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நடு விலகினால் கியர் பொக்ஸ் திரும்ப உள்ளே ஏறாது.

எங்கள் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பொக்ஸுக்கு உள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்திருக்கிறது. பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் திரும்பக் கழட்ட வேண்டும் என்பதால் அதையும் மாற்றினோம். ஆனால் அதை மாற்றினால் ஒயில் குழாயைக் கழட்டத்தான் வேண்டும். குழாயைக் கழட்டினால் காற்றுப் போகத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை: காற்று

மச்சான் சனி இரவே போய்விட்டார். "ஒயில் பிளீட் பண்ணுறது சின்ன வேலை, நீயும் பிள்ளையும் செய்யுங்கோ."

கார் நாலு சில்லிலும் நிற்கிறது. பிளீட் நிப்பிள் கியர் பொக்ஸின் மேலே; பொனற்றுக்குள் குனிந்தால் எட்டும். அதில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, மற்ற முனையைப் போத்தலில் இருந்த ஒயிலுக்குள் தாழ விட்டேன். மகள் பெடலில். பொனற் திறந்திருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

இருபது தரம் செய்திருப்போம். பெடல் கஞ்சிக்குள் கால் வைத்த மாதிரியே இருந்தது. குமிழி வந்துகொண்டே இருக்கிறது. அவள் "நான் பிழையா செய்யிறேனா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது.

கதவடியில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்தார். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் வைத்திருந்தவர். அதில் கிளட்சுக்கு வெறும் கம்பிகள்தான். ஆனால் பிரேக்குக்கு ஒயில். காற்று எடுக்கிற வேலை அவருக்குப் பழக்கம்.

"தம்பி, நீ தலையை உள்ளுக்க விட்டுக்கொண்டு 'சரி', 'சரி' எண்டுறாய். எது சரி?"

அப்போதுதான் விளங்கியது. நிப்பிளைத் திறந்ததும் நான் "சரி" என்கிறேன். அவள் அதைக் கேட்டுக் காலை எடுக்கிறாள். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், வெளியே போன காற்றை அதுவே திரும்ப உறிஞ்சும். இருபது தரமும் எடுத்த காற்றை நாங்களே திரும்ப உள்ளே விட்டிருக்கிறோம். பிழை அவளுடைய காலில் இல்லை, என்னுடைய வாயில்.

அப்பா இரண்டே சொல்லை வைத்தார். "'மிதி', 'விடு'. வேற ஒண்டும் கதைக்கக்கூடாது. நீ சொல்லு, பிள்ளை செய்துபோட்டுத் திருப்பிச் சொல்லட்டும்."

"மிதி எண்டா?" என்றாள் மகள். அவர் செருப்புக் காலால் நிலத்தில் ஓங்கி மிதித்துக் காட்டினார்.

"மிதி."
"மிதிச்சிட்டன்."
நிப்பிளைத் திறந்தேன். காற்றும் ஒயிலும் துப்பிக்கொண்டு வந்தன. மூடினேன்.
"விடு."
"விட்டிட்டன்."

அப்பா ஒயில் போத்தலோடு தாங்கியின் அளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் காரில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே தாங்கி. கோட்டுக்குக் கீழே இறங்க விட்டால் பிரேக்குக்குள்ளும் காற்றுப் போகலாம். பத்துப் பன்னிரண்டு தரத்தில் குமிழி சோடாவைப்போலப் பொடியாகி, பிறகு தெளிந்த ஒயில் மட்டும் வந்தது. "அப்பப்பா, பெடல் இப்ப கட்டியா இருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நீங்கள் செய்வதென்றால்

• ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. அக்சில் ஸ்டாண்ட் கட்டாயம். சமமான, உறுதியான நிலம் இல்லையென்றால் கழட்டும் வேலையைக் கராஜுக்கு விடுங்கள்.

• கியர் பொக்ஸ் இறக்கிப் பழகியவர் ஒருவர் கூட இல்லையென்றால் கிளட்சைத் தொடாதீர்கள். ஒயில் மாற்றுவதும் காற்று எடுப்பதும் முதல் தரத்துக்குப் போதுமான வேலை.

• உங்கள் காரின் கையேடு சொல்லும் ஒயிலை மட்டும் ஊற்றுங்கள். டொட் 4 கேட்கும் காருக்கு சிலிக்கோன் வகையான டொட் 5 ஆகாது. எப்போதோ திறந்து வைத்த போத்தல் வேண்டாம். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

• பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அது பெயின்டை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பழைய ஒயிலைக் கானுக்குள் ஊற்றாதீர்கள்.

• கிளட்ச் தூசியை ஊதிப் பறக்க விடாதீர்கள். மிகப் பழைய கார்களில் அஸ்பெஸ்ரோஸ் இருந்திருக்கலாம்.

• காரை நகர்த்த முன்பு பிரேக் பெடலையும் அமத்திப் பாருங்கள். அது பஞ்சு மாதிரி இருந்தால் எங்கேயும் போகாதீர்கள்.

• முதல் சில நூறு மைலுக்கு மெதுவாக ஓடுங்கள். புதுப் பிளேட் பழக வேண்டும்.

பின்னேரம் தெருவின் மேட்டில் முதல் ஓட்டம். மகள் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், அப்பா பின் சீட்டில். கார் ஒருதரம் நின்றுபோனது. நான் வாயைத் திறக்க முன் பின்னாலிருந்து குரல் வந்தது: "மிதி."

"மிதிச்சிட்டன், அப்பப்பா."

"இப்ப விடு. ஆறுதலா."

கார் ஏறியது. தேய்ந்த பழைய பிளேட்டை எறியப் போனேன், விடவில்லை. அது இப்போது அவளுடைய மேசையில், பேனை வைக்கிற தட்டாக இருக்கிறது.